ஹோய் வரும்வரை

மருந்துக்கடையின் பின்கட்டில் பழைய ஃபேக்ஸ் இயந்திரம் ஒன்று கீச்சென்று கத்தியது. மாத்திரைச் சீட்டோடு நின்றிருந்த நான் அப்படியே ஏரிக்குள் விழுந்தேன். உப்புச் சேறு, வெயிலில் காயும் இறால் தலை, ஈரக் கயிறு, எல்லா வாசனையும் அந்தக் கீச்சுக்குள் இருந்தன. எண்பதுகளின் கடைசியில், பழவேற்காட்டு ஏரிக்கரையில், மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒரு கம்ப்யூட்டர் டெலிபோன் கம்பி வழியாக மெட்ராஸிலிருந்த இன்னொன்றைக் கூப்பிட்டபோது எழுந்த சத்தம் அது. கூப்பிட வைத்தவள் நான்.

அதற்கும் முன்னால் வேறொரு கூப்பிடல் உண்டு. எழுபதுகளில், நான் பாவாடை கட்டித் தோணியில் குந்தியிருந்த காலம். பனி மூடிய ஏரியில் ஒரு தோணி இன்னொரு தோணியைக் கூப்பிடும். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அந்தக் குரலையும் காற்று பாதி தின்றுவிடும். அதனால் எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் "ஹோய்" போட வேண்டும். அது காதில் விழும்வரை கேட்டவர் கழியை ஊன்றக் கூடாது. விழவே இல்லையா, கேட்ட பாதியை மறந்துவிட்டு மறுபடி கேள். "முகத்துவாரத்துக்கு வா" என்பதை மட்டும் கேட்டுக் கிளம்பிய ஒருவர், "தண்ணி ஏறினதுக்கு அப்பறம்" என்பதைக் கேட்காமல் போய் மணல் திட்டில் தோணியைச் சொருகினார். சாகும்வரை அவருக்கு அரைக்காது என்றே பெயர்.

படித்தேன். மெட்ராஸில் வேலை கிடைத்தது. கடலோரக் கிராமங்களுக்குக் காற்றுச் சேதி சொல்லும் திட்டம் ஒன்றில் என்னைப் போட்டார்கள். கிராமத்துக் கம்ப்யூட்டர் கேட்கும், மெட்ராஸ் கம்ப்யூட்டர் பதில் சொல்லும், அவ்வளவுதான் வேலை. எண்களை நெருக்கிக் கட்டிப் பொட்டலமாக அனுப்பலாம் என்றார் ஆபிசர். வேண்டாம், எழுத்தாகவே போகட்டும் என்றேன். எழுத்தாக இருந்தால் நிரல் படுத்துவிட்டாலும் ஒரு மனிதக் கண் படித்துக்கொள்ளும். கேள்வி ஒரு வரி. பதிலின் முதல் வரியில், கேட்டது புரிந்ததா இல்லையா என்று சொல்லும் ஒரு குறி எண். அதன்பின் சேதி. எல்லாம் முடிந்தபின், தனி வரியில், மூன்றே ஆங்கில எழுத்தில், ஹோய்.

ஆபிசர் சிரித்தார். "இது எந்த நாட்டு வழக்கம்மா?"

"எங்க குப்பத்து வழக்கம் சார்."

கம்பியில் வருவது வரி வரியாகவா வருகிறது? இல்லை. அது அலை மாதிரி. ஒரு தரம் முழங்கால் வரைக்கும் வரும், ஒரு தரம் விரல் நுனியை நனைத்துவிட்டுத் திரும்பும். வந்ததையெல்லாம் முழுசு என்று நம்புகிற நிரல், அரைக்காது. என் நிரல் ஒவ்வோர் எழுத்தாக ஓர் ஏனத்தில் சேர்க்கும். வரி முடிந்த குறி தென்பட்டால் அந்த வரியை எடுத்துத் தனியே வைக்கும். ஹோய் வந்த பிறகுதான் பதிலைத் திறந்து திரையின் நடுவில் பெரிதாகக் காட்டும். வெகுநேரம் வராவிட்டால் பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி கேட்கும். பொறுமையை நான் எழுதினேன். என்னிடம் இல்லாத பொருள் அது!

ஐப்பசி. வானம் துடைத்து வைத்த பித்தளைத் தட்டு. மதியம் கடலுக்குப் போவதற்கு முன்னால் ஆட்கள் ஏரி தாண்டிச் சங்கத்துக்கு வந்திருந்தார்கள். பொட்டி ஒழுங்காகப் பேசினால் ஊரில் இருக்கும், உளறினால் வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போகும் என்று சங்கம் முடிவு செய்திருந்தது. என் நைனா கதவோரம் நின்றார். மகள் கட்டிய பொட்டி என்பதால் அவருக்குத்தான் கூச்சம் அதிகம். மீன் கூடையோடு வந்த என் அக்கா நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கீச்சென்றது. கேள்வி போனது. வரும் எழுத்துகள் வந்தபடியே திரையின் அடியில் ஓடும்படி வைத்திருந்தேன், நிரல் உயிரோடு இருக்கிறது என்று தெரிவதற்காக. குறி எண் வந்தது. சேதி வந்தது. காற்றின் வேகம் என்ற சொல்லுக்குப் பின்னால், 4.

அங்கேயே நின்றது.

"நாலா!" கூட்டம் கத்தியது. "நாலுன்னா சும்மா விசிறி வீசற காத்து! கெளம்புங்கப்பா!" துண்டுகள் தோளேறின.

திரையின் நடு வெறுமையாக இருந்தது. மெட்ராஸ் கம்ப்யூட்டர் நாலைந்து பேருக்கு ஒரே சமயத்தில் பதில் சொல்லும். எங்களைப் பாதியில் விட்டு யாரையோ கவனிக்கப் போயிருக்கிறது.

"இன்னாடி, உம் பொட்டி தூங்கிட்ச்சா?" என்றாள் அக்கா. "மீன் நாறிடும், சீக்கிரம் எழுப்பு."

என்னோடு ஜீப்பில் வந்திருந்த ஆபிசர் குனிந்தார். "நின்னு போச்சும்மா. அணைச்சுட்டு மறுபடி போடு." அவர் விரல் சுவிட்சுக்குப் போயிற்று. நான் அந்த விரலைப் பிடித்துத் தள்ளினேன். மேலதிகாரியின் விரல்!

கதவைத் தாண்டி ஒரு கால் வைத்துவிட்டிருந்தார் நைனா. ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரியாத அந்த முதுகுக்கு எதைச் சொல்வது? தெரிந்த ஒன்றைத்தான் கத்தினேன்.

"நைனா! ஹோய் வரல!"

முதுகு நின்றது. திரும்பினார். திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அதுக்கும் ஹோய் வெச்சிகிறியா?"

"வெச்சிகிறேன்."

அவர் உள்ளே வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "யோவ், குந்துங்கய்யா. பேசிகினு இருக்கறப்போ பாதில ஏந்து போவறது இன்னா மரியாத?"

குந்தினார்கள். அத்தனை பேரும், ஆபிசரும்கூட. ஃபேன் சத்தம் மட்டும் சுற்றியது.

5 என்று வந்து விழுந்தது. நாலுக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல். பிறகு, வாடைக்காற்று, பிற்பகல் முதல், கடலுக்குப் போக வேண்டாம். பிறகு தனி வரியில் அந்த மூன்று எழுத்து.

திரையின் நடுவில் நாற்பத்தைந்து பெரிதாக எரிந்தது. நான் வாசித்தேன். ஹோய் என்ற கடைசி வரியை நான் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. கூடமே சேர்ந்து போட்டது.

பிற்பகலில் வாடை வந்தது. கரையில் ஏற்றிவைத்த கட்டுமரங்களின் மேல் மணலை வாரிக் கொட்டியது, கூரைகளை உலுக்கியது, யாரையும் தொடவில்லை. குடிசைக்குள் உட்கார்ந்து அதன் ஊளையைக் கேட்டு நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஊது, நன்றாக ஊது! ஆபிசரை ஏற்றிக்கொண்ட ஜீப், பொட்டியைச் சங்கத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தது.

மறுநாள் காற்று பாதி அடங்கியதும் பஸ் பிடிக்கத் தோணி ஏறினேன். அக்கா கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் திணித்து, "ஆபிசர் வெரல ஒடிச்சிட்டியே, இத குடுத்து சமாளி" என்றாள். தோணி நகர்ந்தது. கரை பின்னால் போனது. அங்கிருந்து நைனாவின் குரல் தண்ணீர் மேல் துள்ளித் துள்ளி வந்தது.

"உம் பொட்டிக்கு முழுக்காதும்மே!"

பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். தோணிக்காரர் கழியைத் தூக்கிப் பிடித்தபடி என்னோடு காத்திருந்தார். காற்று எதையோ தின்றது, எதையோ விட்டது.

"எம் பொண்ணு பெத்ததாச்சே... ஹோய்!"