எண்பத்தெட்டில் நின்றது

புளி மண்டி அப்துல் ஷுக்கூரின் மனைவி ஜான் பீக்கு யாரைப் பார்த்தாலும் வயிறு எரியும் என்று சொன்னால் அது அபாண்டம். அடுத்த வீட்டு நகையைப் பார்த்து அவளுக்கு எரிந்ததில்லை. மாடி கட்டியவர்களைப் பார்த்தும் எரிந்ததில்லை. தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறவர்களைப் பார்த்தால்தான் எரியும். ஆனால் அப்படி எழுந்திருக்கிறவர்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் என்பதால், தருமபுரியில் அவளுக்கு நிம்மதியே இல்லாமல் போனது.

மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருந்தவரின் மகள் அவள். சின்ன வயதில் பன் கூடையோடு பிளாட்பாரத்தில் ஓடி, கிளம்புகிற ரயிலின் ஜன்னலில் கையை நீட்டிக் காசு வாங்கிக்கொண்டு திரும்புவாள். அப்போது அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. கல்யாணமாகித் தருமபுரிக்கு வந்தாள். பிள்ளைகள் நாலு. ஒவ்வொரு பேறுகாலத்திலும் மாமியார் நெய்யும் வெல்லமும் ஊட்டி ஊட்டி உடம்பைத் தேற்றினாள். தேறிய உடம்பு திரும்பிப் பார்க்கவே இல்லை. தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவானபோது அவளுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். ஜில்லா பிரிந்த நேரத்தில் அவள் முழங்காலும் அவளை விட்டுப் பிரிந்துவிட்டது என்று ஷுக்கூர் கேலி செய்வார். அன்றைக்கு அவருக்குச் சாயந்திரம் டீ கிடைக்காது.

கேலிக்கு உரிய விஷயமா அது? முழங்கால் மடங்காததால் ஜான் பீயால் தரையில் தொழ முடியவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, இருந்த இடத்திலேயே தலையைக் குனிந்து தொழுதாள். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு, முடியாதவர்களுக்கு அதுவே போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் நெற்றிதான் தரையில் படுகிறதே! நோன்பு மாதத்தில் தெருப் பெண்கள் எல்லோரும் அமீருன்னிசா வீட்டுக் கூடத்தில் வரிசையாக நின்று தொழுவார்கள். வரிசை முழுவதும் தரைக்குப் போய்விடும். ஜான் பீயின் தலை மட்டும் தனியாக மேலே தெரியும். பக்கத்தில் அமீருன்னிசா, அவளைவிடப் பத்து வயது மூத்தவள், ஸ்பிரிங் வைத்த மாதிரி எழுந்து நிற்பாள். ‘கிழவிக்கு என்ன திமிர் பார்’ என்று தொழுகை நடுவிலேயே ஜான் பீயின் மனசு சொல்லும். உடனே தௌபா தௌபா என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். தொழுகையில் அதற்கும் வழியில்லை. ஒரே ஒரு முறை, சாவதற்குள், நெற்றி தரையில் படத் தொழ வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் ரோசம்மாள் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, “முட்டி இன்னும் கெடலைம்மா. மேல இருக்கற பாரத்தைத்தான் அதால தாங்க முடியலை. எடையைக் குறைங்க, முட்டி நீங்க சொல்றதைக் கேக்கும்” என்றார்.

எடை பார்க்க மண்டியில் மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசு இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மண்டிக்கு விடுமுறை. கதவைப் பாதி சாத்திவிட்டு ஷுக்கூரே அவளை ஏற்றி நிறுத்தார். தொண்ணூற்றாறு கிலோ. மூட்டை என்றால் சாக்குக்குக் கழிவு போட்டே பழகிய மனுஷன், “புடவைக்கும் பர்தாவுக்கும் ஒரு கிலோ கழிச்சுக்கலாம்” என்றார்.

“நான் என்னாங்க, புளி மூட்டையா?” என்று அவள் இறங்கி நடந்துவிட்டாள்.

ஆனாலும் மறுநாளிலிருந்து ஆரம்பித்தாள். நெய்யை விட்டாள். சோறு ஒரு கைப்பிடி. மற்றபடி களி, கீரை, மோர். விடியற்காலையில் பர்தாவைப் போட்டுக்கொண்டு பென்னாகரம் ரோட்டில் மூச்சு வாங்க நடந்துவிட்டு வந்தாள். கண்ணெதிரே பிள்ளைகள் பிரியாணி தின்னும்போது களி உருண்டையை விழுங்கினாள். பலன் இருந்தது. தராசுக்கல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வளையல் கையில் புரண்டது. எண்பத்தெட்டு வந்தபோது, முக்காலியிலிருந்து இறங்கும் நாளை மனசில் குறித்துக்கூட வைத்துவிட்டாள்.

எண்பத்தெட்டில் எடை நின்றுவிட்டது. அடுத்த வெள்ளி எண்பத்தெட்டு. அதற்கடுத்த வெள்ளியும் எண்பத்தெட்டு. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். அப்போதும் அதே. தராசு கெட்டுவிட்டது என்றாள். ஷுக்கூர் படிக்கல்லை வைத்து நிறுத்துக் காட்டினார், சரியாக இருந்தது. அப்படியானால் நிறுக்கிறவர்தான் சரியில்லை என்றாள். தொழுகை முடிந்து கையை ஏந்தும்போதெல்லாம் அவள் துஆ ஒரே வார்த்தையாகச் சுருங்கிப் போனது. யா அல்லாஹ், இறங்கிக்கொண்டிருந்ததை ஏன் நிறுத்தினாய்? ஏன் நிறுத்தினாய்?

டாக்டரிடம் போய் அழுதாள். ரோசம்மாள் பதறவில்லை.

“இது எல்லாருக்கும் வர்றதுதாம்மா. தொண்ணூத்தாறு கிலோவைத் தூக்கிட்டு நடந்தப்போ உடம்புக்குச் செலவு அதிகம். இப்போ எட்டு கிலோ எறங்கியாச்சு, அதே நடைக்குச் செலவு கம்மி. அது ஒண்ணு. இன்னொண்ணு, சாப்பாடு குறைஞ்சதும் பஞ்சம் வந்துடுச்சுன்னு உடம்பு பயந்துக்கும். இருக்கறதை விடாமப் புடிச்சுக்கும். அதான் நின்னிருக்கு.”

“என் உடம்பே எனக்கு எதிரிங்களா டாக்டரம்மா?”

“எதிரி இல்லை. உங்களைக் காப்பாத்தறதா நெனைச்சுக்கிட்டு இருக்கு. ராத்திரி பட்டினி கிடக்காதீங்க, அது இன்னும்தான் பயப்படும். பருப்பு, முட்டை சேர்த்துக்குங்க. நடையைக் கொஞ்சம் வேகமாக்குங்க. பொறுமையா இருங்க, மறுபடி எறங்கும்.”

பஞ்சமாம்! மண்டி நிறையப் புளியும், பானை நிறைய அரிசியும் இருக்கிற வீட்டில் எங்கிருந்து வந்தது பஞ்சம்? இந்த உடம்புக்குக் கண் இல்லையா? வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பொறுமை என்பது குனிந்து நிமிர முடிகிறவர்களுக்கு உள்ள சரக்கு என்று அவளுக்குப் பட்டது.

இந்த எரிச்சலெல்லாம் போய் இறங்கிய இடம்தான் சாலம்மாள்.

சாலம்மாள் வத்தல்மலைக்காரி. கொஞ்சம் சாமை விவசாயம், மற்ற நாளில் காட்டில் புளி, தேன், நெல்லி. சந்தை நாளில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து நடந்தே இறங்குவாள். சரக்கு கொண்டு வருகிறவர்களுக்கு மண்டிக்காரர் வீட்டுப் பின்கட்டில் மத்தியானச் சோறு போடுவது அந்தக் குடும்பத்தில் பழைய வழக்கம். ஜான் பீ வயதுதான் அவளுக்கும். உடம்பில் எலும்பும் நரம்பும் தவிர வேறொன்றும் கிடையாது. வந்ததும் குத்துக்காலிட்டு உட்காருவாள். எழுந்திருப்பாள், தண்ணீர் மொண்டு வருவாள், மறுபடி உட்காருவாள். ஒரு கையில் கூடை இருந்தாலும் அப்படியேதான் எழுந்திருப்பாள். கட்டிலில் உட்கார்ந்து ஜான் பீ அந்த முழங்கால்களையே பார்ப்பாள். அவ்வளவு அழகான முழங்கால்கள் இந்தக் காட்டுக்காரிக்கு எதற்கு? அவள் என்ன ஐந்து வேளையா தொழப்போகிறாள்?

“சாலம்மா, நீ என்னாதான் சாப்புடற?” என்று ஒருநாள் கேட்டாள்.

“கெடைக்கறதுங்கம்மா.”

“கெடைக்கறதுன்னா?”

“கெடைக்கற அன்னிக்குச் சாமை. கெடைக்காத அன்னிக்குக் கெழங்கு.”

ஜான் பீ அரை மூட்டை சாமை வாங்கி வைத்துத் தின்றாள். எண்பத்தெட்டு அசையவில்லை. மலைக்காரி ஏதோ மூலிகையை மறைக்கிறாள் என்று சந்தேகம் வந்தது. கூடையில் இருந்த வேர், இலை எல்லாவற்றையும் கிளறிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அந்த விபரீத யோசனை வந்தது. என்னால் இளைக்க முடியவில்லை, சரி. இவளையாவது பெருக்க வைக்கிறேன். என் வீட்டு நெய்ச்சோறு தின்ற பிறகும் இவள் எப்படித் துள்ளி எழுந்திருக்கிறாள், பார்த்துவிடுகிறேன்!

அடுத்த சந்தை நாளிலிருந்து சாலம்மாளுக்குப் பின்கட்டில் ராஜ உபசாரம். நெய்ச்சோறு, கறிக்குழம்பு, மேலே ஒரு கரண்டி நெய். இலையைப் பார்த்துச் சாலம்மாளே பயந்துவிட்டாள். வழக்கம்போலப் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை மடித்துக் கூடையில் வைக்கப் போனாள். இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் செய்வாள். யாரும் கேட்டதில்லை.

“அதெல்லாம் இனிமே கூடாது” என்றாள் ஜான் பீ. “இங்கயே தின்னு. என் கண்ணு முன்னால தின்னு.”

“வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறங்கம்மா.”

“சோறு வேணுமா வேணாமா? வேணும்னா இங்க உக்காந்து தின்னு.”

சாலம்மாள் இலையைப் பார்த்தாள், மண்டியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மெதுவாக, ஒவ்வொரு வாயாக, பிடிக்காத மருந்தைத் தின்கிற மாதிரி தின்றாள். ஜான் பீ கட்டிலில் உட்கார்ந்து காவல் காத்தாள். தன் நெய்யெல்லாம் அந்த வயிற்றுக்குள் போவதைப் பார்க்க அவளுக்கு ஒரு குரூரமான சந்தோஷம். கொழுப்பு என்றால் என்ன என்று உனக்கும் தெரியட்டும்டி!

சந்தைக்குச் சந்தை இது நடந்தது. மாரிக்காலம் வந்து போனது, சாலம்மாளின் கன்னத்தில் ஒரு பிடி சதை ஏற வேண்டுமே? ஏறவில்லை. அதே எலும்பு, அதே நரம்பு, அதே முழங்கால். ஜான் பீக்குத் தூக்கம் போனது. ‘ரெண்டு பேருக்கும் ஒரே ஆண்டவன்தானே? தின்கிறவள் பெருக்கவில்லை, தின்னாதவள் இளைக்கவில்லை, இதென்ன நியாயம்?’ என்று ஷுக்கூரிடம் கேட்டாள். அவர் கணக்குப் பார்க்கிற மாதிரி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சந்தை நாளில் சாலம்மாள் தின்று முடித்துக் கை கழுவத் தொட்டிப் பக்கம் போனாள். கதவு மறைவில் அவள் முதுகு குனிவதை ஜான் பீ பார்த்தாள். முந்தானையில் எதையோ முடிந்துகொண்டிருந்தாள். ஜான் பீ கட்டில் காலைப் பிடித்து எழுந்து, வலியோடு நடந்து போய், முந்தானையைப் பற்றி இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே நாலைந்து கறித்துண்டும் பிசைந்த சோறும் உருண்டையாக இருந்தன.

“இதான் சங்கதியா!” ஜான் பீயின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். “எம் முன்னால தின்னற மாதிரி நடிச்சிட்டு, வாயில போடாம மடியில போட்டுக்கறியா?”

“திருடலீங்கம்மா. என் பங்குதானுங்க. புள்ளைங்களுக்கு.”

“புள்ளைங்களாம் புள்ளைங்க! அதான் நீ பெருக்கல. நீ ஒரு சுத்து பெருக்கறதைப் பாக்கணும்னு நெய்யா ஊத்தினேனே, எல்லாம் வீண்! இங்க நான் களியத் தின்னு, பட்டினி கெடந்து, நடந்து நடந்து சாவறேன். எனக்கு நின்னு போச்சு. அந்தப் பாழாப்போன எண்பத்தெட்டுலயே நின்னு போச்சு!”

சாலம்மாள் திகைத்து நின்றாள். “என்னாதுங்கம்மா நின்னு போச்சு?”

“எளைக்கறதுடி! ஒடம்பு எளைக்கறது நின்னு போச்சு!”

சாலம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு திட்டு வாங்கியதையும் மறந்து, உண்மையாகவே சந்தோஷப்பட்டு, ஜான் பீயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நின்னுருச்சுங்களா? அப்பாடா! நானும் மாசக்கணக்கா பாக்கறங்க, ரொம்ப எளைச்சுட்டீங்க. என்னா நோவோ, வாயத் தொறந்து கேக்கக்கூடாதேன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தங்க. நின்னுருச்சுன்னா பயமில்லீங்க. பொழச்சுக்கிட்டீங்க.”

“என்னா சொல்ற நீ?”

“போன பஞ்சத்துல சாமை ஒரு கருது வெளையலீங்க. கெழங்கும் தீந்து போச்சு. மொதல்ல எல்லாரும் மடமடன்னு எளைச்சோம். பாத்தாலே பயமா இருக்கும். அப்புறம் ஒரு கட்டத்துல நின்னுரும்ங்க. அதே கஞ்சித் தண்ணிதான், ஆனா ஒடம்பு அதுக்குப் பழகி அப்படியே நின்னுக்கும். நின்னுருச்சுன்னா மழை வர்ற வரைக்கும் உசுரு தங்கிரும். எம் புள்ளைங்க மேல தெனம் காலைல கைய வச்சுப் பாப்பங்க, நின்னுருச்சா நின்னுருச்சான்னு. எனக்கு நின்னுச்சு. சின்னதுங்க ரெண்டுக்கும் நின்னுச்சு.”

அவிழ்ந்த முந்தானையைக் கூட்டி, கறித்துண்டுகள் சிந்தாமல் மறுபடி முடிச்சுப் போட்டாள்.

“பெரியவளுக்குத்தாங்க நிக்கல.”

ஜான் பீ நின்ற இடத்திலேயே கதவைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை சந்தை நாட்களில் அந்த மலைவீட்டுக்குப் போகவிடாமல் தன் கண் முன்னால் தின்ன வைத்த ஒவ்வொரு இலையும் அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

“உள்ள சட்டியில மிச்சம் இருக்கு” என்றாள் கடைசியில். “சட்டியோட எடுத்துட்டுப் போ. என்னால குனிய முடியாது. போயி எடுத்துக்க, சாலம்மா.”

“சட்டி எதுக்குங்க, இலை போதும்” என்று சொல்லிவிட்டுச் சாலம்மாள் உள்ளே போனாள். வெளிச்சம் போவதற்குள் மலையடிவாரம் சேர வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பினாள்.

பொழுது சாய்ந்து பாங்கு கேட்டது. ஜான் பீ முக்காலியில் உட்கார்ந்து, குனிந்த அளவுக்குக் குனிந்து தொழுது முடித்தாள். கையை ஏந்தினாள். இத்தனை மாதமாக, ஏன் நிறுத்தினாய், ஏன் நிறுத்தினாய் என்று கேட்டே பழகிய நாக்கு அது. அந்த வார்த்தை தானாகப் பாதி வரை வந்து நின்றது. அவள் அழுதாள். பேர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாத, சாலம்மாளின் அந்தப் பெரிய பெண்ணுக்கு மட்டும் ஏன் நிறுத்தவில்லை என்று அன்றைக்கு முதல் தடவையாக ஆண்டவனிடம் கேட்டாள்.