முதல் மழைத்தண்ணி

எனக்குக் கத்திப் பேசித்தான் பழக்கம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். திண்டுக்கல்லைச் சுற்றி ஊர் ஊராகப் போய், ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிற சனங்களுக்கு மண்ணையும் தண்ணீரையும் எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லிக்கொடுப்பேன். சமுதாயக் கூடத்தில் சார்ட்டை மாட்டிவிட்டு நான் ஆரம்பித்தால் தூங்குகிற ஆளும் எழுந்து உட்காருவார். முடியும்போது எல்லாரையும் கையைத் தூக்கச் சொல்லி, "ஒரு சொட்டு மழைத்தண்ணியும் எங்க காட்ட விட்டு வெளிய போகாது" என்று மூன்று தடவை கத்த வைப்பேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

ஆத்தூர் போகிற வழியில் ஒரு ஊர். அங்கே ஒரு கூட்டத்தையும் விடாமல் வந்தாள் ஒரு பெண். அவளுக்கு ஒன்றேகால் ஏக்கர். பாதியில் மல்லிகை, மீதியில் கத்தரியும் வெண்டையும். புருஷன் நூல் மில்லில் ஷிஃப்ட் பார்த்தான். காடு முழுக்க இவள் பாடுதான். அவள் கிணறு ஒன்றுதான் அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர்; மற்றதெல்லாம் உப்பு. தெருவில் பாதி வீட்டுக்கு அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வேகும். ஆனால் கோடை வந்தால் அடித்தரை தெரிந்துவிடும். மோட்டார் கால் மணி நேரம் ஓடினாலே பெரிசு.

"ஓடைத் தண்ணியக் கெணத்துக்குள்ள எறக்குவோம்" என்றேன். காட்டு ஓரத்து ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால், வாய்க்கால் முடிவில் ஒரு குழி, குழியில் ஜல்லி, கரி, மணல், அங்கிருந்து கிணற்றுக்கு ஒரு பைப். ஆள் வைக்காமல் குழியை அவளே வெட்டினாள். கை ரெண்டும் கொப்பளம்.

வேலை முடிந்த அன்று ஊரைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். அப்போதுதான் அவள் கேட்டாள். "டீச்சர், ஓடைல வார மொதத் தண்ணிய நாங்க தொடவே மாட்டோம். ஆடு மாட்டக்கூட எறக்க மாட்டோம். மேக்க தோல் பதனிடுற ஷாப்புக்காரங்க மழையச் சாக்கா வச்சு கழிவுத் தொட்டியத் தொறந்து விட்ருவாங்க. வாய்க்காவ ஒரு பலகையப் போட்டு அடச்சுட்டு, ரெண்டாந் தண்ணிய மட்டும் விட்டா போதும்ல?"

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அது மட்டுமில்லை, அம்புட்டு சனத்துக்கு முன்னால் என் பாடத்தை ஒருத்தி திருத்துகிறாளே என்று சுருக்கென்றது. "ஏம்மா, அந்த ஷாப்ப மூடி எம்புட்டு நாளாச்சு! அப்ப இந்த வடிகட்டி எதுக்கு, அழகு பாக்கவா? மழையே அத்திபூத்தாப்புல வருது, அதையும் ஓட விட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு உக்காரப் போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கையில் வைத்திருந்த பலகையைக் கொண்டுபோய் வேலியோரம் சாத்திவிட்டு வந்தாள்.

ஷாப் மூடியதை நான் எங்கே பார்த்தேன்? முன்வாசலில் பூட்டு தொங்கியதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதுதான் என் ஆராய்ச்சி.

ஐப்பசியில் மழை கொட்டியது. "டீச்சர், கெணறு பாதி ரொம்பிருச்சு!" என்று போனில் கத்தினாள். படத்தை ஆபீஸ் குரூப்பில் போட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். மூன்றாவது வாரம் மறுபடி போன். பருப்பு வேகவில்லையாம். தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் இருக்கிறதாம். ஓடிப்போய்ப் பார்த்தேன். மல்லிகை இலையெல்லாம் ஓரம் கருகி, மொட்டு விரியாமல் உதிர்ந்து கிடந்தது. குடத்தோடு வந்த பொம்பளைகள் அவள் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். என்னை ஒருத்தியும் ஏசவில்லை. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

கிணற்றை இறைத்தோம். இறைக்க இறைக்க அதே தண்ணீர்தான் ஊறியது. மணலும் கரியும் சேற்றைத்தான் பிடிக்கும். தோல் கழிவில் கரைந்து வருகிற உப்பை வடிகட்டிப் பிரிக்க முடியாது என்பது ஆறாங்கிளாஸ் பாடம். வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போட்டவளே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்புறம் நாலைந்து மாசம் அந்தப் பக்கம் போகவில்லை. பயம், வேறென்ன? கடைசியில் ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். வெயிலில் நின்று கடப்பாரையால் மல்லிகைத் தூரை நெம்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கடப்பாரையைப் போட்டுவிட்டு, "வாங்க டீச்சர்" என்று வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் தயங்கியதைக் கவனித்துவிட்டாள்.

"கேன் தண்ணிதான். பயப்படாமக் குடிங்க."

குடித்தேன். "எல்லாம் என் தப்பு தாயி, என்னைய நல்லா வைஞ்சுரு" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்களுக்குத் தெரியாது, சொன்னீங்க. எனக்குத்தான் தெரியுமே டீச்சர். தெரிஞ்சே வாய்க்காவத் தொறந்து விட்டேன்."