வடக்கே போனோம்

நானும் அவரும் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, அவருடைய அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "மானம் கப்பலேறிப் போச்சு."

அதுவரை எனக்குக் கப்பல் ஆசை இருந்ததில்லை. தருமபுரிக்காரிக்குக் கப்பல் எதற்கு, பரிசல் போதும். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்த நாளிலிருந்து உள்ளே ஏதோ ஆடத் தொடங்கியது. மானம் மட்டும் ஏறிப் போய்விட்டதாம். நாங்கள் இரண்டு பேரும் கரையில் நிற்கிறோமாம். அதெப்படி?

"நாமளும் ஏறிடலாங்க," என்றேன்.

"எதுல?"

"கப்பல்ல."

"எனக்குக் கெணத்துலயே நீச்சல் தெரியாது டீச்சர்."

"நீங்க நீந்த வேணாம். உக்காந்து வந்தாப் போதும்."

நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியை. நாற்பதுகளின் கடைசியில் இருக்கிறேன். பல வருடங்கள் விதவையாக இருந்தேன் என்பதைவிட, வைக்கப்பட்டிருந்தேன் என்பதுதான் சரி. கல்யாண மண்டபத்தில் பின்வரிசை, வளைகாப்பில் அடுப்படிப் பக்கம், நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர் எதிரே வராத தூரம். அவர் பாப்பிரெட்டிப்பட்டியில் புளி மண்டி வைத்திருக்கிறார். மனைவியை இழந்தவர். மொரப்பூர் ரயிலடியில் பழக்கமானோம். நான் ரயிலுக்குக் காத்திருப்பேன், அவர் வெளியூர் வியாபாரியை ஏற்றிவிட வருவார். அப்போது டீச்சர் என்று கூப்பிட்டவர் இப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். தை மாதம் பதிவுத் திருமணம். மே மாத விடுமுறையில் கப்பல்.

அக்கா அதியமான்கோட்டையில் இருக்கிறார். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அவர் குரல் கேட்டால் போதும், ஐம்பது தாண்டிய இந்த மனிதருக்கு வயது பத்தாகிவிடும். கல்யாணத்தை அக்கா ஏற்கவில்லை. என்னைக் குறிப்பிட நேர்ந்தால் "அது" என்பார். அது வந்துச்சா, அது சமைக்குதா. அஃறிணை ஒருமை. இலக்கணம் நடத்துகிறவளுக்கு இதைவிடப் பெரிய வசவு வேறு இல்லை.

நார்வே நாட்டின் மேற்குக் கரையோரமாக வடக்கு நோக்கிப் போகிற கப்பல் அது. அக்காவிடம் இவர் சொன்னது: "வடக்கே போறேன்க்கா." எங்கள் பக்கத்தில் வடக்கே போவது என்றால் காசிக்குப் போவது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். கங்கைத் தீர்த்தம் கொண்டு வா, செத்துப் போன பொண்டாட்டி மகராசிக்குப் பிண்டம் வை என்றாராம். இவர் மறுக்கவில்லை. புளியில் கொட்டையை மட்டும் நீக்குவதுபோல், உண்மையிலிருந்து ஒரு சொல்லை நீக்கிக் கொடுத்துவிட்டார். எனக்கு இது விமானம் ஏறிய பிறகுதான் தெரியும்.

கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைகள் வந்து கடலுக்குள் கால் வைத்திருந்தன. பனி உருகி, பாறை உச்சியிலிருந்து வெள்ளை நூல்களாக இறங்கிக்கொண்டே இருந்தது, யார் பிடித்துத் திரிக்கிறார்கள் என்று தெரியாத நூல். தண்ணீரின் பச்சை எந்த ஏரியிலும் பார்க்காத பச்சை. கரையில் குங்குமச் சிவப்பில் மரவீடுகள். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடலிடம் சொன்னேன்: நான் இரங்க மாட்டேன். வேறு ஆளைப் பார். தலையில் பூ இல்லை, அங்கே பூ எங்கே கிடைக்கும்? சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். ஊரில் எனக்கு விலக்கி வைத்திருந்த நிறம் அது. கழுத்து முதல் இடுப்பு வரை அதையே போட்டுக்கொண்டேன்.

இவர் சாப்பாட்டு மேசையில் புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்தார். ஆவியில் வெந்த மீன்மேல் கரண்டியால் அள்ளிப் பூசினார்.

"மீனுக்குப் புளி போடாம எப்படிங்க டீச்சர் திங்கறாங்க? பாவம், சொல்லிக் குடுக்க ஆளில்ல."

பரிமாறிய பெண் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு துளி வைத்தார். அவள் முகம் சுருங்கி, பிறகு மலர்ந்து, இன்னொரு துளி கேட்டாள். இவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். அந்த மனிதரைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

அக்காவின் வீடியோ அழைப்பு வந்தால் அந்த மனிதர் காணாமல் போவார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க டீச்சர்," என்பார். நான் நகர்வேன். போனை உயர்த்திப் பிடிப்பார்.

"ஏண்டா இளைச்சுட்ட? அங்க சோறு கெடைக்குதா?"

"கெடைக்குதுக்கா. சாப்புட்டேன்."

"கங்கையில முழுகுனியா?"

இவர் கடலைப் பார்ப்பார். "தண்ணி ரொம்ப சில்லுனு இருக்குதுக்கா."

"அது என்னடா பின்னால வெள்ளையா? இமயமலையா?"

"மலைதாங்க்கா."

"அப்பா சாமி!" என்று அதியமான்கோட்டையில் கும்பிடு விழும்.

முதல் தடவை நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடுத்த தடவை சிரிப்பு வரவில்லை. சாப்புட்டேன். தூங்குனேன். பாத்தேன். நடந்தேன். ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஓர் "ஏன்" தொங்கியது. தன்மை ஒருமை. சாப்பிட்டது இரண்டு பேர், தூங்கியது இரண்டு பேர், பாறையிடுக்கில் கடல்நாய் தலை நீட்டியதைக் கையைக் கோத்துக்கொண்டு பார்த்தது இரண்டு பேர்.

அறைக்கு வந்ததும் கேட்டேன்.

"நேத்து மீனு யாரோட சாப்புட்டீங்க?"

"உங்களோடதான்."

"அப்பச் சாப்புட்டோம்னு சொல்லணும். சாப்புட்டேன்னா, நான் என்ன பட்டினியா?"

"வார்த்தைக்கு வார்த்தை இலக்கணம் பாத்தா எப்படிங்க?"

"இலக்கணந்தான் பாக்கறேன். உங்க அக்காவாச்சும் என்னை அதுங்கறாங்க. உங்க பேச்சுல நான் அதுவாக்கூட இல்ல."

படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அக்காவுக்கு பி.பி. இருக்குதுங்க. ஊருக்குப் போயி பொறுமையாச் சொல்லிக்கலாம்."

"ஊருக்குப் போயி நான் ஒரு பஸ்ஸுல, நீங்க ஒரு பஸ்ஸுல எறங்கணுமா?"

நான் அவரிடம் ஒன்று சொன்னேன், கோபப்படாமல்: மொரப்பூரில் என் பழைய வீட்டை நான் இன்னும் காலி செய்யவில்லை. ஒளித்து வைக்கப்படுவதற்கு நான் அந்த வீட்டைவிட்டு வரவில்லை. ஒளிந்து வாழ அங்கேயே வசதி இருந்தது. இந்தக் கப்பல் கரை திரும்பும் முன்னால் நீங்கள் அக்காவிடம் சொல்லாவிட்டால், நான் போய் அந்தக் கதவைத் திறந்துகொள்வேன்.

மறுநாள் காலை மேல்தளத்தில் நின்றிருந்தோம். போன் அடித்தது.

"கொஞ்சம் அந்தப் பக்கம்..."

"முடியாது."

கப்பலில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள், நான் மட்டும் எந்தப் பக்கம் போவது? அவர் பக்கத்தில், தோளோடு தோளாக நின்றேன். அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டிருந்தார்.

"யார்ரா அது பக்கத்துல, செவப்பு ஸ்வெட்டரு?"

"கூட வந்தவங்கக்கா."

கூட வந்தவங்க. ரயிலில் கூட வருகிறவர்கள், கோயிலுக்குக் கூட வருகிறவர்கள், சாவுக்குக் கூட வருகிறவர்கள். நான் படியிறங்கினேன்.

மதியம் ஒரு சின்ன மீன்பிடி ஊரில் கப்பல் நின்றது. தனியாக இறங்கி நடந்தேன். மரச்சட்டங்களில் மீன்களை வால் கட்டித் தொங்கவிட்டுக் காய வைத்திருந்தார்கள். சந்தையில் கருவாட்டுக் கூடைப் பக்கம் நிற்கிற அதே வாசம், குளிரில் கொஞ்சம் மெலிந்த வாசம். வீட்டுச் சன்னல் விளிம்புகளில் கடற்பறவைகள் கூடு கட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. ஒரு கடையில் உட்கார்ந்து ரொட்டியும் மீன் சூப்பும் வாங்கி, முழுக்கச் சாப்பிட்டேன். சாப்பிட்டேன். அந்த நேரத்துக்கு அந்த ஒருமை எனக்கும் சரியாகத்தான் இருந்தது. இதோடு வாழ முடியும், முன்பும் வாழ்ந்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது அவர் கப்பலுக்கு ஏறும் பாலத்தடியில் நின்றிருந்தார். கம்பளிச் சட்டைகூட இல்லாமல், மண்டியில் போடுகிற அரைக்கைச் சட்டையோடு. மூக்கு சிவந்திருந்தது.

"நீங்க வரட்டும்னு நின்னேன்," என்றார். என் முன்னாலேயே அக்காவை அழைத்தார். ஸ்பீக்கரைப் போட்டார்.

"அக்கா, நான் காசியில இல்ல."

"பின்ன? ஹரித்துவாரமா?"

"நார்வேன்னு ஒரு நாடுக்கா. கப்பல்ல வந்திருக்கோம்."

ஓம். தன்மைப் பன்மை.

அக்கா படிக்காதவர். ஆனால் அந்தச் சொல்லின் வால் மாறியதை அவர் காது விடவில்லை.

"வந்திருக்கோம்னா? யாரு?"

"நானும் என் பொண்டாட்டியும்."

போனில், அக்கா வீட்டு முன் நெடுஞ்சாலையில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அத இழுத்துக்கிட்டா போயிருக்க?"

"அது இல்லக்கா. அவங்க."

"ஓ, அவங்களா! சாமி பேரச் சொல்லி என்னை ஏமாத்திட்டு, அவங்களோட ஊர் சுத்தறியா?"

"ஏமாத்துனது என் தப்புக்கா. அவங்க தப்பு இல்ல."

"உன்னை இடுப்புல தூக்குன கைடா இது." அக்காவின் குரல் உடைந்து, உடனே இறுகியது. "இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காத."

பேசு என்று நான் கண்ணால்கூடச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"சரிக்கா. மிதிக்க மாட்டோம்."

அக்கா வைத்துவிட்டார். இவர் பாலத்தின் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். ஏறுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். நான் தேற்றவில்லை. வளர்த்தவளுக்காக அழ அவருக்கு உரிமை இருக்கிறது. அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு என் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் தோளில் போட்டேன். அவருக்கு அது எட்டவில்லை, பாதி முதுகுதான் மூடியது.

அதற்கப்புறம் தீபாவளியும் வந்தது, பொங்கலும் வந்தது. தருமபுரியிலிருந்து சேலம் போகிற பேருந்து அதியமான்கோட்டை வழியாகத்தான் போகிறது. அந்த வீடு வரும்போது அவர் சன்னல் பக்கம் திரும்புகிறார். நானும் பார்க்கிறேன். வாசலில் கோலம் இருக்கிறதா, கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். இறங்குவதில்லை.