சில்லுமேட்டு அம்மனுக்குக் கூரை இல்லை

கொள்ளிடத்துப் பாலத்தை விட்டு இறங்கி எங்கள் ஊருக்கு வரும் சாலை, நேராக வந்துகொண்டே இருந்து ஓரிடத்தில் திடீரென்று கிழக்கே ஒதுங்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி நேராகிவிடும். திருமானூர் பஸ் டிரைவர்கள் அந்த வளைவைத் திட்டாமல் தாண்டுவதில்லை. போன முறை ஊருக்குப் போனபோதுகூட ஒருவர், "எந்த இன்ஜினீயருய்யா இந்த ரோட்டப் போட்டான்" என்று அலுத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன். அந்த ரோட்டை வளைத்தது எந்த இன்ஜினீயரும் இல்லை, என் மாமா.

வளைவின் உள்பக்கம் இருப்பது சில்லுமேடு. வெள்ளாமைக்கு லாயக்கில்லாத இடம். குச்சியால் மண்ணைக் கீறினாலே ஓடு ஓடாக வரும். பாண்டி விளையாடச் சில்லு வேண்டுமென்றால் நாங்கள் அங்கேதான் போவோம். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கிற சில்லுக்கு எங்களிடம் மவுசு அதிகம். போட்ட கட்டத்திலேயே ஒட்டினாற்போல் உட்காரும். என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் தெருவிலே யாரையும் ஜெயிக்க விட்டதில்லை.

அந்தச் சில்லு ராஜாக்கள் காலத்துக்கும் முந்தியது என்று சொன்னவர் மாமாதான். அம்மாவின் தம்பி, எங்களுக்கு அடுத்த வீடு. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. அந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்த காலத்துச் சுண்ணாம்புக் கல்லையெல்லாம் பொடியாக்குகிற இடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு, லீவு நாளில் வந்து உடைந்த சட்டிக்கு வக்காலத்து வாங்குவார். சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். மேட்டுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுடுமண் வளையம் அடுக்கிய உறைகிணறு இருக்கிறது, செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழி இருக்கிறது, ஒரு ஊரே உள்ளே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் வாயைப் பிளந்து கேட்பேன். அத்தை அடுப்புப் பக்கம் திரும்பி நின்று பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பாள்.

"ஒடஞ்ச சட்டியா அடுக்கி வூட்ட ரொப்புறீங்க. கொழம்பு வைக்க நல்ல சட்டி ஒண்ணு வாங்கியாரத் தெரியுதா?" என்பாள். மாமா பரணில் சேர்த்து வைத்ததை இரண்டு தடவை குப்பையில் கொட்டியவள் அவள். மாமா அவளை "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார். "ஏ புள்ள, உனக்கு இதெல்லாம் எங்க வெளங்கப்போவுது" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போவார்.

அப்போதுதான் பாலம் வந்தது. பாலத்தை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் ஒரு ஈ காக்கை கிடையாது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பிரசவ வலி எடுத்தவளை ஊரைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிய கதை எல்லா வீட்டிலும் உண்டு. மாமாவுக்கும் பாலம் வேண்டும். ஆனால் பாலத்துக்கு ஏறும் சாலை சில்லுமேட்டின் மேல் வருவதாகவும், மேட்டை வெட்டி அந்த மண்ணையே சாலைக்குக் கொட்டப்போவதாகவும் கேள்விப்பட்ட அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் வந்து பார்ப்பார்கள், பொறுங்கள் என்றார்கள். மாமா பொறுப்பார், பொக்லைன் பொறுக்குமா.

பொக்லைன் வருவதாக இருந்த அன்று விடிகாலையில் நான் பால் வாங்கப் போனபோது மாமா மேட்டில் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தார். கிட்டே போனேன். மேட்டில் கிடந்த பழைய அகலச் செங்கல்லில் மூன்றை வேப்பமரத்தடியில் நிறுத்தி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகிக்கொண்டிருந்தார். "கும்பிட்டுக்க" என்றார். கும்பிட்டுக்கொண்டேன். இவர் வைத்த கல்லுக்குள் சாமி எப்படி வரும் என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. சாணியைப் பிடித்து வைத்தால் பிள்ளையார் வருகிறார், மஞ்சளைப் பிடித்து வைத்தாலும் வருகிறார். அம்மன் மட்டும் வரமாட்டாளா என்ன.

வீட்டில் அத்தை மஞ்சள்தூள் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். மாமாவின் கையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். "கொழம்புக்கு என்னத்தப் போடறதாம்?" என்றாள்.

பொக்லைன் ஓட்டுகிறவர் சேலத்துப் பக்கத்துக்காரர். புது இடத்தில் எலுமிச்சம்பழம் நசுக்காமல், சூடம் காட்டாமல் வண்டியை நகர்த்தாத ஆள். சூடம் ஏற்ற இறங்கியவர் வேப்பமரத்தடியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். "உத்தரவு கெடைக்காம நான் கை வைக்க மாட்டேன் சார். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ஊரே வந்துவிட்டது. அம்மன் யார் கனவில் வந்தாள் என்பதில் ஆளுக்கு ஒரு சேதி. கிழக்கே புறம்போக்கு சும்மாதானே கிடக்கிறது என்று யாரோ சொல்ல, மறுவாரம் வந்த அதிகாரிகள் அங்கே கம்பு நட்டு அளந்தார்கள். மண்ணை ஏரியில் எடுத்துக்கொள்வதென்று முடிவானது. மாமா அன்றைக்கு எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

அவர் கெட்டிக்காரத்தனத்தில் ஒரே ஒரு பிசகு. எங்கள் ஊரில் ஒரு சாமியை வைத்துவிட்டால் அதற்குக் கோயில் கட்டாமல் விடமாட்டார்கள். அது அவருக்கு நினைவில்லை.

பாலம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று கான்ட்ராக்டரே நேர்ந்துகொண்டாராம். சிமெண்ட், கம்பி எல்லாம் அவர் செலவு. கர்ப்பகிரகம், முன்மண்டபம், சுற்றிலும் மதில். அஸ்திவாரம் ஆழமாக எடுக்க வேண்டும் என்றார்கள். அதைத் தோண்ட அதே பொக்லைனை அனுப்புவதாகச் சொன்னார். இந்தத் தடவை ஓட்டுகிறவருக்கு ஆட்சேபணை இல்லை. அம்மனுக்காகத் தோண்டுகிறோம், அம்மன் கோபிப்பாளா என்றார்.

மாமா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். நான்தான் வைத்தேன் என்று சொன்னால் ஊர் அடிக்க வரும், அதோடு மேடும் போகும். சொல்லாவிட்டால் கோயிலே மேட்டைத் தின்னும். "ரோட்டுலேர்ந்து காப்பாத்தி சாமிகிட்ட மாட்டிவுட்டுட்டேனே" என்று என் அம்மாவிடம் புலம்பினார். சாப்பாட்டு நேரத்து உறைகிணற்றுக் கதை நின்றுபோனது. எனக்கு அது கஷ்டமாக இருந்தது. அத்தை பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும் வழக்கம்போல் கேட்டது.

பூமி பூஜை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. பொங்கல் வைத்து, பம்பைக்காரர்கள் வந்து, பொக்லைன் மாலை போட்டுக்கொண்டு நின்றது. மாமா கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். அத்தை என்னை இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டாள். பம்பையில் முதல் அடி விழுவதற்கு முன்பே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தாள். "பத்திரமா வச்சிக்கடி, கீழ போட்டுடாத" என்றாள்.

பம்பை வேகம் பிடித்ததும் அத்தைக்கு அருள் வந்துவிட்டது. அதற்கு முன்னால் அவளுக்கு வந்ததே இல்லை. தலைமுடி அவிழ்ந்து, உடம்பு முறுக்கி, ஒரே ஓட்டமாக ஓடிப் பொக்லைனுக்கு முன்னால் நின்றாள். பம்பை நின்றது.

"யார்ரா எனக்குக் கூரை போடறவன்? வெயிலும் மழையும் எம் மேல விழணும்டா. எனக்கு ஆகாசந்தான் கூரை."

ஊர்ப் பெரியவர்கள் நடுங்கிப்போய், தாயே, மதில் மட்டுமாவது கட்டிக்கொள்கிறோம் என்று கேட்டார்கள்.

"ஒரு கடப்பாரை எறங்கக் கூடாது. எங் காலுக்கடியில அடுக்கடுக்கா உறகெணறு இருக்கு. தாழிக்குள்ள எம் புள்ளைங்க தூங்குதுங்க. ஒரு ஊரே உள்ள இருக்கு. எழுப்புனீங்க, சும்மா வுட மாட்டேன்."

எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். கான்ட்ராக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் விழுந்தேன், கண்ணாடியை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. எழுந்து திரும்பிப் பார்த்தால், மாமா ஒருவர்தான் கும்பிடாமல் நின்றுகொண்டிருந்தார். அத்தையையே பார்த்தபடி, கண் கலங்கி நின்றார்.

ஆராய்ச்சிக்காரர்கள் பிறகு நிதானமாக வந்தார்கள். உறைகிணறும் இருந்தது, தாழியும் இருந்தது. இப்போது வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். அம்மன் இன்னும் வெட்டவெளியில்தான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தை போய் விளக்கு வைக்கிறாள்.

அருள் வந்த அன்றைக்கு மத்தியானம் நான் அவளிடம், "அத்தே, சாமி பேசுனது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டே, "அருள் வந்தா ஒண்ணும் ஞாபகம் இருக்காதுடி" என்றாள். உறைகிணறு விஷயம் அம்மனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். மாமா சமையல்கட்டுக்குள் போய், இலை போட்டு, தானே சோற்றை அள்ளிக்கொண்டு வந்தார். அவர் பரிமாறி நான் பார்த்ததே இல்லை. அத்தைக்கு எதிரில் குனிந்து நின்று, "உக்காருங்க, சாப்பிடுங்க" என்றார்.

சாமி இன்னும் முழுசாக மலையேறவில்லை போலிருக்கிறது, அதற்குப் பயந்துதான் அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டு, நான் எனக்கும் ஒரு இலை போடச் சொன்னேன்.