ஹார்ட் டிஸ்க் பற்றி நான் சொன்ன பொய்

என் மனைவி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக்குத் திரும்பும் நாளில் வாசலில் நிறுத்தி ஒரு போட்டோ எடுப்பாள். ஒரு பிரதி அவர்களுக்கு, ஒன்று அவளுடைய ஆல்பத்துக்கு. குன்னூர் ஈரத்தில் அந்த ஆல்பம் பூஞ்சை பிடித்தது. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற நான், எண்பது படங்களையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு ஆல்பத்தை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

"ஒண்ணு ரெண்டாவது வெச்சுக்கலாமுங்க" என்றாள்.

"இனி இதுக்கு அழிவே இல்ல" என்றேன். வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை.

போன வருடம் ஆடி மழையில் கம்ப்யூட்டர் 'டக் டக்' என்று சத்தம் போடத் தொடங்கியது. ஒரு படம் திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

"ஏனுங்க, அது மூச்சுக்குத் திணறுற மாதிரி இருக்குது. ரிப்பேர் கடைக்காரருகிட்டக் காட்டுங்க."

"இது உன் ஆஸ்பத்திரி இல்ல. நீ உன் வேலையப் பாரு."

ஈரம்தான் காரணம் என்று நானே முடிவுகட்டினேன். மழைக்காலத்தில் துணி அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவது எங்கள் மலையில் வழக்கம். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளேயும் அப்படி ஒன்றைத் தொங்கவிட்டேன். மூன்று மாதம் எரிந்தது.

ஐப்பசியில் லைனிலிருந்து ஒரு பெண் வந்தாள். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். இவள் பிறந்தபோது பிரசவம் பார்த்ததே என் மனைவிதான். நான்கு வயதில் தாயை இழந்தவள்.

"நர்சம்மா, வீட்ல இருந்த படம் கூரை ஒழுகி நனஞ்சு போச்சுங்க. அம்மா மூஞ்சியே எனக்கு ஞாபகம் இல்ல. ஒங்ககிட்ட ஒண்ணு இருக்குன்னாங்க."

படம் திறக்கவில்லை. பல்பைக் கழற்றி ஒளித்துவிட்டு, பெட்டியை டவுனில் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். மனைவியும் வந்தாள். கடைக்காரர், படங்கள் பதிந்திருந்த ஹார்ட் டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்டார்.

"ஏனுங்க சார், இந்தச் சத்தம் எத்தன நாளா வருதுங்க?"

"நேத்துதான்" என்றேன்.

மனைவி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறர் முன்னால் என்னை மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அப்படிப் பழக்கியவன் நான்தான்.

"நேத்துத்தான்னா பெருசா இருக்காதுங்க" என்று, டிஸ்க் முழுவதையும் சோதிக்கும் பரிசோதனையை ஓடவிட்டார். பாதியில் சத்தம் வலுத்தது. பிறகு நின்றது. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்த தாள் பல்புச் சூட்டில் வெந்து பழுப்பேறியிருந்தது.

"இது நேத்து வந்த சீக்கு இல்லீங்களே. மாசக்கணக்குன்னு சொல்லியிருந்தா டெஸ்டே போட்டிருக்க மாட்டேன். உசுரு இருக்கறப்பவே வேணுங்கற படத்த மொதல்ல எடுத்திருப்பனுங்க."

படங்களை மீட்க டிஸ்க்கைக் கோவைக்கு அனுப்பினோம். உள்ளே இருக்கும் தட்டில் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் மீளாது என்று திரும்பி வந்தது.

அந்தப் பெண்ணிடம், "மிஷின் கெட்டுப்போச்சும்மா" என்றேன்.

"அதுக்கு ஐயா என்ன செய்வீங்க" என்று அவள் எனக்கே ஆறுதல் சொன்னாள். பக்கத்தில் நின்ற மனைவி உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பத்து நாள் தாங்கினேன். பிறகு லைனுக்குப் போய், பல்பு, பொய் எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"நீங்கதானுங்களே படத்த ஏத்துனீங்க? அம்மா எப்படி இருந்தாங்க? சிரிச்சாங்களா?"

ஒரே மதியத்தில் எண்பதையும் ஏற்றி முடித்தவன் நான். அதில் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. அதையும் சொன்னேன்.



"அப்ப நான் நர்சம்மாவையே கேட்டுக்கிறேங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் எங்கள் வீட்டைப் பார்த்து இறங்கி நடந்தாள்.