அழுத்திப் பிடித்த விரல்

என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள். இனி எழுதப்போகும் விஷயத்தை மட்டும் பொறுக்க வேண்டாம்.

ஏறிக்கொண்டிருந்த தக்காளி விலையை நான் நிறுத்தி வைத்தேன். ஒரே ஒரு விரலால்!

மாரண்டஹள்ளியில் ஒரு தக்காளி மண்டியில் வேலை பார்க்கிறேன். முதலாளியின் அக்காள் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் படித்தவன். சென்ற வருடம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். திரை வெளியே, விவசாயிகள் பார்க்கும்படி. விலையைத் தட்டும் கீபோர்டு மட்டும் நீண்ட ஒயரோடு உள்ளறையில், டெலிபோனுக்குப் பக்கத்தில். பெங்களூரிலிருந்து போனில் வரும் விலையை முதலாளி உள்ளே தட்டுவார். தட்டியதை அக்காள் மகன் பிறகு பெங்களூர் விலையோடு ஒத்துப் பார்ப்பான், அதனால் தட்டாமலோ மாற்றியோ விட முடியாது. கம்ப்யூட்டருக்குள் டைமர் ஒன்று உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை அது அந்த விலையை எடுத்துத் திரையில் கோடாக நீட்டும். கோடு நிற்கும் இடம்தான் எங்கள் மண்டியின் விலை.

எனக்குக் கொடுத்த வேலை மவுஸ். போன வாரம் என்ன விலை என்று யாராவது கேட்டால், அம்புக்குறியை அந்த நாளுக்கு நகர்த்திப் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தியிருக்கும் வரை அந்த நாளின் விலை ஒரு சிறு கட்டத்தில் தெரியும்.

ஒருநாள் கண் மங்கிய ஒருவர் அதைப் படித்து முடிக்கும் வரை பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன்... கோடு நகரவில்லை! விரலை எடுத்ததும் ஒரே தாவாகத் தாவியது. என் விரல் கீழே இருந்தவரை அந்த டைமர் செத்துக் கிடந்திருக்கிறது.

இதை நான் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த பையனிடம். யாரிடம் சொன்னேன்? முதலாளியிடம்! நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன் நான். ஒருமுறையாவது என்னை ஒருவர் மெச்சிவிட மாட்டாரா என்ற நப்பாசை. தூ!

மெச்சினார். "அட, ஊமைக்கோட்டான்னு நெனச்சேன்டா உன்ன! கம்ப்யூட்டருக்கே பூட்டு போட்டுட்டியே!" என்று முதுகில் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்கா மவங்கிட்ட மூச்சு வுடாத. ரிப்பேர் பண்ணித் தொலைச்சிடுவான். நான் உள்ள இருமுனா நீ அமுக்கிப் புடி. அவ்ளோதான் உன் வேலை."

"பொய் சொல்றாப்புல ஆயிடுமேங்க..."

"உன்ன எவன்டா சொல்லச் சொன்னான்? நீதான் பேசவே மாட்டியே!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் பல்லை நானே உடைக்கலாம் போலிருக்கிறது.

விலை ஏறிய செய்தி வந்தால் இருமுவார். நான் யாருக்கோ பழைய விலையைக் காட்டுவதுபோல் அழுத்திக்கொண்டிருப்பேன். கூடைகள் பழைய விலைக்கு எடையாகும். விலை இறங்கும் நாளில் அவருக்கு இருமலே வராது.

லூர்தம்மாள் எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவள். என்னை அண்ணா என்பாள். புருஷன் பெங்களூரில் கொத்தனார் வேலைக்குப் போயிருந்தான். இவள் மட்டும் குத்தகை நிலத்தில் தக்காளி வைத்திருந்தாள். இந்த அறுவடை தேறினால் அவனை ஊருக்கு வரவழைப்பது. தேறாவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு இவளும் சித்தாளாகப் போவது. அதை ஊரே அறியும். நானும் அறிவேன்!

அன்று முழு அறுவடையையும் வண்டியில் கொண்டுவந்திருந்தாள். வெளியே பெங்களூர் லாரி புறப்படத் தயாராக நின்றது. வேண்டுமென்றால் அதில் ஏற்றிவிடலாம்.

உள்ளே இருமல் கேட்டது.

நான் அழுத்தினேன்.

"அண்ணா, நீங்களே சொல்லுங்க. லாரியில ஏத்தி வுடட்டுமா, இங்கயே போட்டுடட்டுமா?"

என் விரல் வலித்தது. வாய்... அதற்கு என்ன கேடு? "ஏத்திவிடும்மா." ஒரே ஒரு சொல். கூச்ச சுபாவம் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். கூச்சமாம்! அன்று எனக்கு இருந்தது கூச்சமல்ல, கோழைத்தனம். இத்தனை வருடமாக அதற்கு நல்ல பெயர் வைத்து வளர்த்திருக்கிறேன்.

அவள் திரையைப் பார்த்தாள். "கோடு அசையவே மாட்டேங்குதே. மனுசன் சொன்னா சந்தேகப்படலாம். மிசினு பொய் சொல்லுமா? சரி, இங்கயே போடுங்கண்ணா."

லாரி போய்விட்டது. கடைசிக் கூடையும் எடையான பிறகு விரலை எடுத்தேன். கோடு விருட்டென்று மேலே பாய்ந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். சிரித்தாள்! "பாத்தீங்களாண்ணா, நான் வித்ததும் ஏறுது பாருங்க. அதுக்குக் கூட என்னக் கண்டா எளக்காரம். நீங்க ஏன் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிறீங்க? நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்!"

நான் என்ன பண்ணுவேன், பாவம்...

அந்த மாதமே வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாயா என்று கேட்பீர்கள். செய்தேன். மவுஸ், டைமர் என்றால் சாமியாருக்கு என்ன விளங்கும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, "பொய் சொன்னேன் சாமி" என்று சுருக்கிவிட்டேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. நான் பொய் சொல்லவே இல்லையே! வாயைத் திறக்கவே இல்லையே! செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கி வந்திருக்கிறேன். செய்த பாவம் தொடப்படாமல் அப்படியே கிடக்கிறது.

வேலையை விட்டாயா? விடவில்லை. முதலாளி மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. ஆனால் அவர் பேராசைக்காரர் என்பது ஊருக்கே தெரியும். அவரிடம் எல்லோரும் எச்சரிக்கையாகத்தான் இருந்தார்கள். என்னிடம் யார் எச்சரிக்கையாக இருந்தார்கள்? வாயில்லாப் பூச்சி என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத்தான் அவர் என் உழைப்போடு சேர்த்து வாங்கினார். நான் விற்றேன்.

நேற்று லாரி டிரைவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "லூர்தம்மாக்கா சொல்லி அனுப்புச்சிங்க. அங்க சாரத்துல ஏறி எறங்கி அதுக்கு முட்டி போயிடுச்சாம். திரும்பி வந்து தக்காளி நட்டா கட்டுபடியாகுமான்னு அண்ணன் மிசினைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும், நீங்க சொன்னா வந்துடுமாம்."

வா என்றால், இதே மண்டிக்கு, இதே திரைக்கு முன்னால் வந்து நிற்பாள். வராதே என்றால், அவள் நிலத்திலிருந்து அவளை இரண்டாம் முறை துரத்தியவன் ஆவேன். உண்மையைச் சொல்லி அனுப்பலாம்... அதற்கு ஒரு வாய் வேண்டும்!

டிரைவர் நாளை விடியற்காலை புறப்படுகிறார். பதில் கேட்டு வருவார். பதில் இன்னும் இல்லை.

மாரண்டஹள்ளி
1989 டிசம்பர் 3, ஞாயிறு