வெள்ளைப் பூ வந்த வேலை

வேலைக்கான கடிதம் என் தொலைபேசிக்கு வந்தபோது நான் புளத்கொகுபிட்டிய பஜாரில் உள்ள கொமியுனிகேசன் கடையில் யாரோ ஒருவருடைய அடையாள அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். தாய்லாந்தில் ஒரு நிறுவனம். தரவுப் பதிவும் கணினிப் பராமரிப்பும் என்று எழுதியிருந்தது. தங்குமிடம், சாப்பாடு, விமானச் சீட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பத்து நாளில் புறப்பட வேண்டும்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி வன்பொருளும் வலையமைப்பும் படித்தவள். படித்து முடித்த பிறகு ஒன்றரை வருடமாக அந்தக் கடையில்தான் இருந்தேன். பரீட்சை விண்ணப்பம் நிரப்புவேன், அச்சுப்பொறியில் சிக்கிய தாளை இழுப்பேன். அப்பா இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். தாள் இழுப்பதற்காக அவர்கள் என்னைப் படிக்க வைக்கவில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை. ஆகவே அந்தக் கடிதத்தை நம்ப நான் விரும்பினேன். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

பட்டியல் போடாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது. கொப்பியில் நடுவில் ஒரு கோடு இழுத்தேன். வலப்பக்கம் சந்தேகங்கள். அவர்களுடைய இணையத்தளம் பதிவாகி இரண்டே மாதம். கடிதத்தின் மேலே ஒரு பதவிப் பெயர், கீழே வேறொரு பதவிப் பெயர். நேர்முகத்தில் தொழில்நுட்பக் கேள்வி ஒன்றுகூட இல்லை. எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்வீர்கள், ஆங்கிலம் தெரியுமா, கல்யாணம் ஆகிவிட்டதா, அவ்வளவுதான். முதலில் சுற்றுலா விசாவில் போய், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இடப்பக்கம் நம்புவதற்கான காரணங்கள், இரண்டே வரி. ஒன்று, அவர்கள் பணம் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் ஏமாந்த எல்லாருமே ஏஜென்சிக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள். அதனால் பணம் கேட்காதவன் ஏமாற்றமாட்டான் என்பது இங்கே ஒரு கணக்காகவே ஆகிவிட்டது. அப்பாவும் அதைத்தான் சொன்னார். இரண்டாவது வரி, அவர்களுக்காக ஆள் சேர்ப்பவர் தொலைபேசியில் எங்களைப் போலவே பேசினார்.

"தங்கச்சி, நான் கொடகவெல பக்கம் தோட்டத்து ஆளுதான். நம்ம புள்ளைங்க எத்தன நாளைக்குக் கொழும்புல சாப்பாட்டுக் கடையில கோப்ப கழுவுறது, சொல்லுங்க பாப்போம்."

இங்கே பஸ்ஸிலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நாள் முழுக்கச் சிங்களம்தான். எனக்கு அது தடுமாறாமல் வரும். ஆனாலும் வேலை தருகிறேன் என்று சொல்லும் ஒரு குரல் எங்கள் தோட்டத்து லய வீடுகளின் பேச்சில் வந்தபோது, பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று எனக்குள் தளர்ந்தது. அதை ஒரு சான்றுபோல எழுதி வைத்தேன். அது எந்தப் பக்கத்திலும் வந்திருக்கக் கூடாத வரி.

என் சந்தேகங்களை அவரிடமே சொன்னேன். "கேள்வியெல்லாம் எழுதி அனுப்புங்க, கம்பெனியில காட்டி பதில் வாங்கித் தாரேன்" என்றார். ஒன்பது கேள்விகள் இலக்கமிட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை.

அப்பாவுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "அங்க நம்ம ஆளு யாரும் இருக்காங்களா?"

எங்கள் பக்கம் வேலை நல்லதா என்று யாரும் விசாரிப்பதில்லை. கித்துல்கல ஹோட்டலுக்குப் போனாலும் கொழும்புக் கடைக்குப் போனாலும், முதலில் போன ஒருவர் கூப்பிட்டுத்தான் அடுத்தவர் போவார். கூப்பிட்டவர் முகத்துக்காகத்தான் நம்பிக்கை. இதையும் நான் ஆள் சேர்ப்பவரிடம் சொன்னேன். அவர் காத்திருந்தவர் போலச் சொன்னார்.

"இருக்காங்களே. உங்க தோட்டத்து கீழ் டிவிசன் புள்ள. உங்க காலேஜ்தான். ரெண்டு பேட்ச் முன்னுக்கு. அந்தப் புள்ளகிட்டயே எல்லாத்தையும் கேளுங்க. நான் உங்களுக்கு போன் கோல் எடுக்கச் சொல்றேன்."

அந்த அக்காவை எனக்குத் தெரியும். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள். அவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார் என்று தெரியும், எங்கே என்று கேட்டதில்லை. அன்றைக்கே அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை கோயிலில் பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்றார். சிவப்புப் பூ ஒரு வெற்றிலையில், வெள்ளைப் பூ ஒரு வெற்றிலையில், இரண்டையும் ஒரே மாதிரி மடித்து மாரியம்மன் காலடியில் போட்டார் பூசாரி. அம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளை. போகலாம்.

நான் இதையெல்லாம் கொப்பியில் எழுதுகிறவள் அல்ல. இருந்தும் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு அழைப்பு வந்தது. எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. பிள்ளைக்காம்பராவின் வாசலில்தான் கிடைக்கும். வார நாளில் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் அந்தக் கட்டடம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். அப்பாவும் நானும் படியில் உட்கார்ந்திருந்தோம். மழை விட்டிருந்தது. ஒன்பது கேள்விகளும் இருந்த கொப்பி என் மடியில்.

திரையில் அக்கா தெரிந்தார். முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். பின்னால் வெள்ளைச் சுவர், அதில் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு வணக்கம் சொன்னார். பார்வை திரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் எங்கோ இருந்தது.

"எத்தன மணித்தியாலம் வேலக்கா?"

"எட்டு மணித்தியாலம். ஓவர்டைம் செஞ்சா அதுக்கு வேற தருவாங்க."

அறையில் எத்தனை பேர் என்று கேட்டேன். நான்கு பேர் என்றார். சாப்பாடு என்றேன். மூன்று வேளையும் தருகிறார்கள், சோறு கிடைக்கும் என்றார். நான்காவது கேள்வி, கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும் என்பது. அப்பா பக்கத்தில் இருந்ததால் அதை அப்போது கேட்க மனம் வரவில்லை. கடைசியில் கேட்கலாம் என்று தாண்டி, ஐந்தாவதற்குப் போனேன்.

"லீவு நாள்ல வெளிய போகலாமாக்கா?"

"பாஸ்போட்டு நம்ம கையிலதான் இருக்கும். கம்பெனி வாங்கி வைக்காது."

நான் கொப்பியைப் பார்த்தேன். பிறகு ஆறாவதைக் கேட்டேன்.

"போன் எந்நேரமும் நம்மகிட்ட இருக்குமா?"

"ஞாயித்துக்கிழம வெளிய போகலாம். கடயெல்லாம் பக்கத்துலயே இருக்கு."

அப்பா சிரித்தார். "லைன் லேட்டா வருது போல. நம்ம தபால் மாதிரி."

அக்கா சிரிக்கவில்லை. லைன் தாமதமில்லை, நான் வாயை மூடியதும் அவர் வாய் திறந்தது. ஏழாவதைக் கேட்டேன், ஆறாவதற்குப் பதில் வந்தது. எட்டாவதைக் கேட்டேன், ஏழாவதற்குப் பதில் வந்தது. வேலை பிடிக்காவிட்டால் திரும்பி வரலாமா என்பது என் ஒன்பதாவது கேள்வி. அதற்கு அவர், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள் என்றார். இனி மிச்சமிருந்தது நான்காவது மட்டும். என் குரல் சரியாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

"பாஸ்போட்டு யாருகிட்ட இருக்கும்க்கா?"

"புடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் ஊருக்கு வரலாம்."

அதன் பிறகுதான் முதல் தடவையாக நேராகத் திரையைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். "வாங்க, நல்லா இருக்கும்" என்றார். அழைப்பு முடிந்தது.

என் ஒன்பது கேள்விகளுக்கும் பதில் எழுதி அவர் முன்னால் வைத்திருந்தார்கள். அவர் மேலிருந்து கீழாக வாசித்தார். நான் வரிசை மாறியதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லையா, அல்லது கவனித்தே அப்படி வாசித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் பக்கத்தில் யாராவது நின்று, அவர்களுக்குத் தமிழ் தெரியாதென்றால், எனக்கு ஒன்றைச் சொல்ல அவருக்கு இருந்த ஒரே வழி அதுவாக இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் நான் போக முடியாது. அது முடிவாகிவிட்டது. கொப்பியை மூடிக்கொண்டு எழுந்தேன்.

வீட்டில் தேநீர் குடித்த பிறகு கொப்பியை விரித்து இருவருக்கும் காட்டினேன். அப்பா வரிவரியாக விரல் வைத்துக் கேட்டார். பிறகு, "வெள்ளப் பூதானே வந்துச்சு" என்றார், யாரையும் பார்க்காமல்.

அம்மா தேநீர்க் கோப்பைகளை அடுக்கினார். "போகலாமான்னுதான் கேட்டோம்" என்றார். "திரும்பி வரலாமான்னு கேக்கலயே."

மறுப்பதுதான் கடினமாக இருந்தது. அக்கா பேசிய மறுநாளே நான் வரமாட்டேன் என்றால், அவர் சரியாகப் பேசவில்லை என்றுதான் நினைப்பார்கள். அங்கே அதற்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததனாலேயே பயமாக இருந்தது. காரணங்களை எழுதி ஒவ்வொன்றாக வெட்டினேன். உடம்பு சரியில்லை என்றால், சரியாகும் வரை பொறுப்பதாக ஆள் சேர்ப்பவர் சொல்வார். அப்பா விடவில்லை என்றால் அப்பாவோடு பேசுவார். கல்யாணம் பேசியிருக்கிறார்கள் என்றால், கல்யாணச் செலவுக்கும் சேர்த்து உழைக்கலாம் என்பார். அவர் எதிர்த்துப் பேச முடியாத காரணம் ஒன்று வேண்டும். அக்காவைத் தொடாத காரணமாகவும் இருக்க வேண்டும்.

"செகப்புப் பூ வந்துச்சுன்னு சொல்லிரவா?" என்றேன்.

"சாமி பேருல பொய்யா?" என்றார் அம்மா.

அப்பா எழுந்து கதவருகே போய் நின்றார். "சொல்லிரு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

திங்கட்கிழமை, கடையின் பின்பக்கம் நின்று ஆள் சேர்ப்பவரை அழைத்தேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"படிச்ச புள்ள, இதெல்லாமா பாக்குறீங்க?"

"நான் பாக்கலண்ணே. வீட்டுல பாக்குறாங்க."

"இன்னொருக்கா கட்டிப் பாக்கச் சொல்லுங்க."

"ஒரு காரியத்துக்கு ரெண்டு தரம் கேக்கக் கூடாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு."

அவர் பெருமூச்சு விட்டார். அதற்கு மேல் வாதாடவில்லை. சிவப்புப் பூ வந்த வீட்டில் பேசிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படியென்றால் அவர் உண்மையிலேயே தோட்டத்து ஆள்தான். அதுவரை அவர் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கிறது.

பிறகு சாதாரணமாகக் கேட்டார். "அந்தப் புள்ள நல்லாத்தானே பேசுனிச்சு?"

"ரொம்ப நல்லா பேசுனாங்கண்ணே. அவங்க பேசுனதக் கேட்டுத்தான் அப்பாவே சரின்னாரு. பூ வந்ததாலதான் இப்புடி."

கோயிலுக்குப் போனது வெள்ளிக்கிழமை, அழைப்பு ஞாயிற்றுக்கிழமை. பூப் பார்த்த நாளை அவர் கேட்டிருந்தால் எனக்கு இன்னொரு பொய் தேவைப்பட்டிருக்கும். கேட்கவில்லை.

"சரி, பரவால்ல தங்கச்சி. உங்க பேட்ச்ல வேற யாரும் வேல தேடிக்கிட்டிருந்தா நம்பர் அனுப்புங்க."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அன்றே என்னோடு படித்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினேன். எழுத்தில் எதையும் அனுப்பவில்லை. எழுதியது எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஒருத்தி ஆள் சேர்ப்பவரோடு ஏற்கனவே பேசிவிட்டிருந்தாள். அவளிடம் அவர் என்னைக் காட்டிச் சொல்லியிருந்தார், நான் அடுத்த கிழமை விமானம் ஏறப் போகிறேன் என்று.

கடைக்கு வழக்கமாக வரும் கிராம சேவகரிடம், வெளிநாட்டில் சிக்கிக்கொண்ட ஒருவருக்காக எங்கே முறையிடுவது என்று பெயர் சொல்லாமல் விசாரித்தேன். அப்படியொரு முறைப்பாட்டைப் பெற்றோர் கொடுப்பதுதான் சரி, வெளியாள் சொன்னால் எடுபடாது என்றார். எனவே புதன்கிழமை அம்மாவும் நானும் கீழ் டிவிசனுக்கு இறங்கினோம்.

அக்காவின் அம்மா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"வாங்க, வாங்க. மக ஒங்கிட்ட பேசுனாளாமே. எனக்கு வாய்ஸ்தான் போடுறா, மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறா பெரிய மனுசி. எப்புடி இருக்கா? மெலிஞ்சிட்டாளா? கேட்டதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொன்னாளா?"

உள்ளே கூப்பிட்டார். லயத்துச் சுவர்கள் கூரை வரை போவதில்லை. ஒரு வீட்டில் இருமினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. யார் யாரோடு தொடர்பில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

"அத்த, செருப்ப மாட்டிக்கிட்டு வாங்க" என்றேன். "அப்புடியே ரோட்டுப் பக்கம் நடந்துக்கிட்டே பேசுவோம்."

அவர் என் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஒரு செருப்புத்தான் கண்ணில் பட்டது. மற்றதைத் தேடிக் குனிந்தவர், அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.